குடத்தின் மேல் குழவி

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. தொழிற்பேட்டைச் சங்கு ஊதி ஓய்ந்ததும் பெரியம்மா அடுக்களையிலிருந்த பித்தளைக் குடத்தைத் தட்டால் மூடினாள். அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தத் தட்டின் மேல் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அவ்ளோதான். இனிமே நாளைக்கு ராத்திரி ஊட்டுக்கு வந்துதான் பொம்பளைங்க தண்ணி குடிக்கணும்" என்றாள்.

மே மாதம். அம்பத்தூர் மேனாம்பேட்டில் அன்று பகல் முழுக்கத் தார் இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் முதன்முதலாகப் பட்டணம் சுற்றிப் பார்க்கப் போகிறோம்.

சிரிக்காதீர்கள். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் வயதுக்காரிகளுக்கு இதுவும் தெரியும்: அப்போது நம் பக்கத்தில் யாரும் தன்னை மெட்ராஸ்காரர் என்று சொல்லிக்கொண்டதில்லை. ரயிலேறிப் போனால்தான் பட்டணம். ஆண்கள் வேலைக்கும் சினிமாவுக்கும் போய்வந்தார்கள். பெண்கள் பிரசவத்துக்குப் போனார்கள், அதுவும் பிள்ளை குறுக்கே கிடந்தால். சும்மா சுற்றிப் பார்க்கப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போவது என்பது எங்கள் வீட்டில் அதுவரை நடந்ததே இல்லை.

இத்தனை காலம் கழித்து இதை ஏன் கிளறுகிறேன் என்று கேட்பீர்கள். போன வாரம் என் மகள் மும்பைக்குக் கிளம்பத் திட்டம் போட்டாள். கல்லூரித் தோழிகளோடு மூன்று நாள். பெரிய நகரம் ஒன்றுக்குப் பெரியவர்கள் துணையில்லாமல் போவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கட்டில் முழுக்கத் துணியைப் பரப்பியிருந்தாள். எந்த ரயில், எந்த விடுதி, எந்தக் கடற்கரை எல்லாம் அவள் ஃபோனில் இருந்தது. எனக்குப் பயமும் பெருமையுமாக இருந்தது. பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து அவள் பையில் வைத்தேன். அவள் அதை வெளியே எடுத்து வைத்தாள்.

"ம்மா, அது வேணாம், வெயிட்டு. எப்டியும் ட்ரெயின்ல நான் தண்ணி குடிக்க மாட்டேன்."

"ஒரு நாள் பூரா ட்ரெயின்ல இருக்கணும்டி."

"அதனாலதான். டாய்லெட் கண்றாவியா இருக்கும். முந்தின நாள் நைட்லேருந்தே கம்மி பண்ணிக்கலாம்னு நாங்க எல்லாரும் பேசி வெச்சிருக்கோம்."

பேசி வைத்திருக்கிறார்கள். கணினி படிக்கிற பெண்கள். நான் அந்தத் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "பிரஷரா?" என்று மகள் பயந்துபோய் ஃபேனைக் கூட்டினாள். அன்றிலிருந்து அந்த மே மாதம் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த விடுமுறைக்குமுன் நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது நான். ஆனால் என்னைக் கேட்க வைத்தது அம்மா. அவள் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பிறந்து மேனாம்பேட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் பார்த்த பெரிய தண்ணீர் மழைக்காலத்து அம்பத்தூர் ஏரி. "கடல்னா அக்கரை தெரியாதாமேடி" என்று என்னிடம் கேட்பாள், நான் என்னவோ பார்த்துவிட்டு வந்தவள்போல. "கால வெச்சா காலுக்கடில மண்ணு ஓடுமாம். கூச்சமா இருக்காது?" துவைக்கும்போது, அரிசி களையும்போது, எந்தத் தண்ணீரில் கை வைத்தாலும் இந்தப் பேச்சுதான்.

எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அப்பாவுக்கு அண்ணன். அப்பா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்று போய்விடுவார், அண்ணன் எதிரில் நாற்காலியில் உட்கார மாட்டார். அம்மாவோ பெரியப்பாவிடம் நேராகப் பேசவே மாட்டாள். புருஷனின் அண்ணனிடம் பேசக் கூடாது என்பது வழக்கம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி அனுப்புவாள், அல்லது பெரியம்மாவிடம் சொல்வாள். அவர் கூடத்துக்கு வந்தால் இவள் அடுக்களைக்குள் போய்விடுவாள். அதை மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா இளவயதில் பட்டணத்தில் ஒரு சோடாக் கடையில் கொஞ்ச காலம் இருந்தவர். அந்த ஒரு தகுதியில் பட்டணத்துக்கே பொறுப்பாளர் ஆகிவிட்டார். அந்த மாதம் முழுக்கச் சாயங்காலமானால் குளித்து, விபூதி பூசி, வீட்டுக்கு முன்னாலிருந்த சிமெண்டுத் தரையில் குந்துவார். கரித்துண்டால் பட்டணத்தை வரைவார். நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்போம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"இதான் சென்ட்ரலு. எறங்கி இப்டிக்கா வந்தா உயிர் காலேஜு. யானை, சிங்கம், கொரங்கு எல்லாம் பாத்துகினு அப்பால பஸ்ஸு புடிச்சா செத்த காலேஜு. அங்க எலும்புகூடு, பாடம் பண்ண முதல. அத்த முடிச்சிகினு சாயங்காலமா பீச்சு."

மிருகக்காட்சி சாலையும் மியூசியமும்தான் உயிர் காலேஜும் செத்த காலேஜும். மாடியில் குடியிருந்த டீச்சர் துணி எடுக்க இறங்கி வந்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து தனியாக இருந்தவர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, மிருகக்காட்சி சாலை இப்ப அங்க இல்ல. வண்டலூருக்கு மாத்தியாச்சு" என்றார்.

"இன்னா டீச்சரம்மா, சிங்கம் புலிலாம் மூட்ட கட்டிகினு ரயிலேறிச்சா?"

எல்லோரும் சிரித்தோம். கதவுக்குப் பின்னால் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் சாயங்காலம் பெரியப்பா புதிதாக வரைந்த பட்டணத்தில் உயிர் காலேஜ் இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற வீடாக இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பட்டணத்துக்குப் பிறகு சாப்பாடு. அதையும் அவ்வளவு யோசித்துச் செய்தார் அந்த மனிதர். ஆண்களுக்கும் பையன்களுக்கும் புளிசோறு, வறுத்த கருவாடு. பெண்களுக்கு உப்புக் குறைத்துத் தயிர்சோறு. "ஊறுகா கூடாது. ஊறுகா துன்னா தண்ணி கேக்கும். காரமும் வேணாம்." பெண்களுக்குத் தாகமே எடுக்காதபடி சோற்றைத் திட்டம் போட்டார். புடவையைப் பெரியம்மா முடிவு செய்தாள். அம்மாவிடம் ஒரு நீலநிறப் புடவை இருந்தது, கடலுக்குப் போக அதைத்தான் எடுத்து வைத்திருந்தாள். "அது வேணாம்டி. கறுப்பா பூப்போட்டது கீதே, அத்த கட்டு. எதுனா ஆச்சுன்னாலும் வெளில தெரியாது." எதுனா என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அம்மா நீலத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

எத்தனையோ பேசினார்கள். பெண்கள் எங்கே போய் ஒதுங்குவது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை. போகமாட்டார்கள் என்பதுதான் திட்டம்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் கக்கூஸ் கட்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்குமுன் பெண்கள் விடிவதற்கு முன்பும் இருட்டிய பின்பும் ஏரிப் பக்கம் போனார்கள். பகலில் குடித்தால் பகலில் போக வேண்டி வரும். அதனால் குடிக்க மாட்டார்கள். கக்கூஸ் வந்த பிறகும் உடம்பு அந்தப் பழக்கத்தை விடவில்லை. அதைவிடக் கேவலம், அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. பயணப் பேச்சு வந்தபோது ஒரு சாயங்காலம் பெண்கள் உட்கார்ந்து போட்டிபோட்டார்கள்.

"திருவேற்காட்டுல பொங்க வெக்கப் போனம் பாரு, ஆடி மாசத்துல. காலைல போனவ, இருட்டி ஊட்டுக்கு வந்துதான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அது இன்னா பிரமாதம்? என் கல்யாணத்துல முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் போனது. தாலி ஏறி, சோறு துன்னு, மாமியார் ஊட்டுக்கு வந்து வெளக்கு ஏத்தி, அப்பால கூச்சப்பட்டுகினு அதுக்கும் மறுநாள்" என்றாள் பெரியம்மா.

"ஏயப்பா, நீதான் பொம்பள."

கைதட்டாத குறை. அம்மாவும் அந்த வட்டத்தில் இருந்தாள். அவள் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாததால் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

பெரியப்பா தன் மகனுக்கு ஒரு வாட்டர் பாட்டில் வாங்கி வந்தார். நான் அண்ணன் என்று கூப்பிடும் பையன், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். ஆரஞ்சு நிறம், தோளில் மாட்ட வெள்ளைப் பட்டை, மூடியைக் கவிழ்த்தால் குவளை. திறந்தால் புது பிளாஸ்டிக் வாசனை. நாங்கள் அதுவரை அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. அண்ணன் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தான்.

"எனக்கு பெரிப்பா?"

"உனக்கு இன்னாத்துக்கு? நீதான் குடிக்கப் போறதில்லியே. அவன் ஆம்பளப் பையன், செவுரு எங்க கீதோ அங்க நிப்பான்."

கிளம்புகிற வாரத்தில் புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, அம்மா கக்கூஸிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. வந்தவள் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். உதட்டைக் கடித்ததில் பல் பதிந்திருந்தது. நீர்க்கடுப்பு. எனக்குத் தெரிந்த வியாதிதான். வெயில் காலத்தில் எல்லோருக்கும் வரும், நிறையத் தண்ணீர் குடித்தால் போகும். அம்மா வெந்தயத்தை ஊறப்போட்டு யாருக்கும் தெரியாமல் விழுங்கினாள். வெள்ளரிப் பிஞ்சு வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். சனிக்கிழமை காலை அவள் கை சுட்டது.

"பெரிம்மா கிட்ட சொல்லட்டா?"

"வாயத் தொறந்த, கொன்னுடுவேன். சொன்னா போறதே நின்னுடும். ஒரு நாளுதான்டி. வந்து ஒரு கொடம் தண்ணிய குடிச்சிட்டுப் படுத்தா சரியாப் பூடும்."

அன்று சாயங்காலம்தான் குடத்தின் மேல் குழவி ஏறியது. டீச்சர் அப்போது மோர் கேட்டு இறங்கி வந்திருந்தார். குழவியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நேராகப் போய்ப் பெரியப்பாவிடமே சொன்னார்.

"அண்ணே, சென்ட்ரல்ல லேடீஸ் வெயிட்டிங் ரூம் உண்டு. மியூசியத்துலயும் உண்டு. இந்த வெயில்ல தண்ணி குடிக்காம கூட்டிட்டுப் போகாதீங்க."

பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். "டீச்சரம்மா, அதெல்லாம் உங்கள மாதிரி தனியா சுத்தறவங்களுக்கு. குடும்பத்துப் பொம்பள ஊருக்குள்ள போயி கக்கூஸ் எங்கன்னு தேடிகினு நின்னா நாலு பேரு இன்னா பேசுவான்?"

டீச்சரின் முகம் சிவந்தது. மோர் வாங்காமலே மாடி ஏறிப் போனார். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்தார். அவரைப் பற்றிப் பெரியம்மா அன்று அடுக்களையில் என்னென்ன சொன்னாள் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நான் குழவியை மெல்ல உருட்டித் தரையில் இறக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அம்மாவிடம் கொண்டுபோனேன். அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள். டம்ளரைப் பார்த்துச் சிரித்தாள். வாங்கி வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். தொண்டை ஒருதரம் ஏறி இறங்கப் பார்த்தது. வாசற்படிக்குப் போய் அவ்வளவையும் கொப்பளித்துத் துப்பினாள்.

"போதும். வாய் நனைஞ்சுது" என்றாள்.

கறுப்புப் புடவையில் அவள் முகம் மஞ்சளாக இருந்தது.

அப்பா வழக்கம்போல ஓவர்டைமுக்குப் போய்விட்டார். ரயிலில் பெண்களுக்கு உட்கார இடம் கிடைத்தது, அதைப் பெரியப்பா தன் ஏற்பாடாகச் சொல்லிக்கொண்டார். வில்லிவாக்கம் தாண்டியதும் அண்ணன் புளிசோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தான். தின்றதும் குடித்தான். மூடியில் ஊற்றி, சத்தம் வர உறிஞ்சிக் குடித்தான். அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் வண்டி வெகுநேரம் நின்றது. சாக்கடை நாற்றம் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது. வெளியே ஒரு நீளமான சுவர், அதை ஒட்டி வரிசையாக ஆண்கள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் பார்த்த பட்டணத்தின் முதல் காட்சி அதுதான். பெரியப்பாவும் இறங்கினார். அண்ணனைக் கூப்பிட்டு, "வா, நீயும் வந்துடு" என்றார். இருவரும் அந்த வரிசையில் போய் நின்றார்கள். திரும்பி ஏறியபோது பெரியப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "இன்னா ஷோக்கா காத்து வருது" என்றார். அவர் மேல் எனக்கு ஏற்பட்ட அருவருப்பு அந்த நொடியில் தொடங்கியது. அவர் செத்து வெகுகாலம் ஆகிறது, அது சாகவில்லை.

சென்ட்ரலில் இறங்கியதும் அம்மாவுக்குக் குளிர் வந்துவிட்டது. அத்தனை வெயிலில் பல் கிட்டித்தது. தூணைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்தாள்.

"இன்னாடி, மாசமா கீறியா?" என்றாள் பெரியம்மா.

"இல்லக்கா. எனக்கு ஒதுங்கணும்."

அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கைகாட்டினார். டீச்சர் சொன்னது போலவே பெண்கள் காத்திருக்கும் அறை இருந்தது. அது இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்துமிருந்தது.

உள்ளே கழிவறையில் தரை முழுக்கக் கணுக்கால்வரை கலங்கல் தண்ணீர். பினாயிலும் மூத்திரமும் கலந்து கண்ணைக் கரித்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவை நான் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டேன். புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அம்மா உள்ளே போனாள். ஒரு சத்தமும் இல்லை. பிறகு விலங்குபோல ஒரு முனகல். கதவைத் திறந்தேன். அம்மா சுவரைப் பிடித்து நின்றாள். கீழே சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தது சிவப்பாக இருந்தது.

அங்கே துடைப்பத்தோடு நின்றிருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயய்ய, எதிர்லதான் ஆஸ்பத்திரி கீது, தூக்கிகினு ஓடு" என்று கத்தினாள்.

தண்ணீர் வேண்டும் என்று அம்மா அப்போது முதல்முறையாகக் கேட்டாள். நான் வெளியே ஓடி அண்ணனின் பாட்டிலைப் பிடித்து இழுத்தேன். அவன் கொடுக்கத்தான் பட்டையைக் கழற்றினான். பெரியப்பா அவன் கையைத் தட்டிவிட்டார்.

"அதுல கொஞ்சந்தான் கீது. பீச்சுல அவனுக்கு வேணும். உங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரில குடுப்பாங்க, போ."

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. "பொம்பள வார்டுல எனக்கு இன்னா வேல? பசங்க ஆசையா வந்துட்டானுங்க, எல்லாத்தயும் பேஜார் பண்ணிகினு திரும்ப முடியுமா? நான் சுத்திக் காட்டிட்டு வந்துடறேன்" என்று பெரியம்மாவிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "நீ வரியா, பீச்சுக்கு?" என்று கேட்டார். நான் அம்மாவின் கறுப்புப் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

வார்டில் இளவயது டாக்டரம்மா ஒருவர். அம்மாவின் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார், முதுகில் ஓரிடத்தில் தட்டினார். அம்மா துள்ளினாள்.

"எவ்வளவு தண்ணி குடிச்சாங்க நேத்துலருந்து?"

"குடிச்சாளே. நல்லா குடிச்சாளே" என்றாள் பெரியம்மா.

"இல்ல டாக்டர். கொடத்து மேல கொழவி வெச்சுட்டாங்க."

"எந்தக் குழவி?"

பெரியம்மா பின்னாலிருந்து என் தொடையைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை. ஆறு மணிச் சங்கு, தயிர்சோறு, கறுப்புப் புடவை எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா முதலில் நம்பவில்லை. பிறகு பெரியம்மாவை மேலும் கீழும் பார்த்து, "நீங்க எப்ப குடிச்சீங்க?" என்று கேட்டார். பெரியம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "கிட்னிவரைக்கும் ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இவங்கள நீங்க வேற மாதிரிதான் தூக்கிட்டுப் போயிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

அம்மாவின் கையில் ஊசி ஏறியது. பாட்டிலிலிருந்து ஒவ்வொரு சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துப் பெரியம்மா எழுந்து வார்டின் கோடியிலிருந்த கழிவறைக்குப் போனாள். வரும்போது பக்கத்துக் கட்டில்காரியின் சொம்பை வாங்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தாள். மார்பெல்லாம் நனைந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு என்ன வயது இருந்திருக்கும்? இப்போது எனக்கு இருப்பதைவிடக் குறைவு. கல்யாணத்தில் அடக்கிய கதையை அவள் அதற்குப் பிறகு சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் மன்னிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

அம்மா பிழைத்தாள். கிட்னி முழுசாகத் தேறவில்லை. வருஷத்துக்கு ஒருதரம் அந்தக் குளிர் வரும், கால் வீங்கும், கடைசியில் அதுதான் அவளைக் கொண்டுபோனது. நான் வேலைக்குப் போன பிறகு எத்தனையோ முறை கடலுக்குக் கூப்பிட்டேன். "அங்க ஒதுங்க எடம் இருக்குமா?" என்று மட்டும் கேட்பாள். இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்ல முடிந்த நாள் வரவில்லை. அவளும் வரவில்லை. அண்ணன் இப்போது காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது, மூன்று படுக்கையறைக்கு மூன்று பாத்ரூம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து விளக்குப் போட்டுக் காட்டினான். வெள்ளைப் பீங்கான் பளபளத்தது. நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மகள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். தண்ணீர் பாட்டிலை மறுபடி அவள் பைக்குள் வைத்திருக்கிறேன். எழுதிய இவ்வளவையும் அவளிடம் படிக்கக் கொடுக்கப்போகிறேன், அதனால் கடைசியில் நடந்ததையும் விடாமல் எழுதிவிடுகிறேன்.

வார்டில் விளக்குப் போட்ட பிறகு அவர்கள் வந்தார்கள். முதலில் அண்ணன். கால்சட்டை முழுக்க ஈரம், முழங்கால்வரை மணல், மேலெல்லாம் உப்பு வாசனை. ஆரஞ்சு பாட்டிலை என்னிடம் நீட்டினான். "உனக்குத்தான். கடல் தண்ணி ரொப்பிகினு வந்தேன்" என்றான். அவன் கண்ணில் கள்ளமில்லை. திறந்து பார்த்தேன். அடியில் கொஞ்சம் மணல் சுழன்றது. அந்தப் பாட்டிலை அன்று அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

அவன் பின்னால் பெரியப்பா. பொம்பள வார்டு என்று தயங்கியவர் இப்போது நேராக உள்ளே வந்தார். வாயில் சுண்டல் மென்றுகொண்டிருந்தார். அம்மா கண்விழித்து, அவரைக் கண்டதும் ஊசி குத்திய கையாலேயே முந்தானையை இழுத்து எழுந்து உட்காரப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மேலே தொங்கிய பாட்டிலை அண்ணாந்து பார்த்தார். அதிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் அவள் கைக்குள் இறங்குவதைக் கண்ணால் தொடர்ந்து வந்தார். பிறகு பெரியம்மா பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இன்னாத்துக்கு இவ்ளோ ஏத்துறாங்க? திரும்ப ரயில்ல போவணுமில்ல. கொஞ்சமா ஏத்தச் சொல்லு."